எடுக்காதே, எண்ணு

செய்தி வந்தபோது பிளம்பர் ஒரு வாஷ்பேசினுக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். இரண்டு கையிலும் ஸ்பேனர். சட்டைப் பையில் இருந்த போன் 'டிங்' என்றது.

"மாப்ளே, எடுத்துப் படி. யாராவது வேலைக்குக் கூப்பிடுறாங்களோ என்னவோ."

மச்சான் அவர் மனைவிக்குத் தம்பி. அவரோடு சேர்ந்து வேலை செய்கிறவன். குனிந்து போனை எடுத்து, மேடைப் பேச்சாளர் மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தான். "அன்பார்ந்த வாடிக்கையாளரே, உங்களுக்கு மேலும் தரமான சேவை வழங்கும் பொருட்டு..."

"நிறுத்து. போன் கட்டணத்த ஏத்திட்டானா?"

"ஏத்திட்டான் மாமா."

"மறுபடியுமா? போன தடவை ஏத்தினதே இன்னும் ஜீரணமாகல." ஆத்திரத்தில் எழப்போன பிளம்பர் பேசினின் அடியில் நெற்றியை இடித்துக்கொண்டார். "அன்பார்ந்தன்னு ஆரம்பிச்சாலே காசு ஏத்தப்போறான்னு அர்த்தம். என் பொண்டாட்டிகூட என்னை அப்படிக் கூப்பிட்டது கிடையாது."

"அக்கா உங்களக் கூப்பிடுற மாதிரி கம்பெனி கூப்பிட்டா, கேஸே போட்டுருவீங்க மாமா."

பிளம்பர் இயல்பில் கோபக்காரர் அல்ல. சொட்டுகிற குழாயின் சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்டு, தேய்ந்தது வாஷரா வேறெதுவுமா என்று சொல்கிற அளவுக்குப் பொறுமைசாலி. எதையும் பிரித்துப் பார்த்தால் புரிந்துவிடும், புரிந்துவிட்டால் கோபம் தானாகப் போய்விடும் என்பது அவர் கொள்கை. ஆனால் கட்டண உயர்வைப் பிரித்துப் பார்க்க எந்த ஸ்பேனரும் இல்லை. அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கு அடித்தார். ஒரு குரல் ஒன்றை அழுத்தச் சொன்னது. அழுத்தினார். பிறகு நான்கை அழுத்தச் சொன்னது. அழுத்தினார். கொஞ்ச நேரம் புல்லாங்குழல். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்.' மறுபடி புல்லாங்குழல். கடைசியில் அதே முதல் குரல் வந்து, புத்தம் புதிதாகப் பார்ப்பதுபோல, ஒன்றை அழுத்தச் சொன்னது.

"எல்லாமே பெண்டு பைப்," என்றார் மனைவியிடம். "வளைஞ்சு வளைஞ்சு போகுது. தண்ணி வெளிய வர்ற வாய் எங்கயுமே இல்ல. நான் இப்படி ஒரு லைன் போட்டிருந்தா என்னை ஓட ஓட விரட்டியிருப்பாங்க."

"அப்போ வேற கம்பெனிக்கு மாறுங்க."

"எல்லாக் கம்பெனியும் ஒரே வாரத்துல ஏத்தியிருக்கான். பேருக்குத்தான் தனித்தனிக் குழாய். மேல இருக்கிறது ஒரே தொட்டி."

சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போதுதான் அவருக்கு யோசனை வந்தது. குழாயை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார். முகம் பளிச்சென்று ஆகிவிட்டது.

"மாப்ளே, இங்க வா. இந்தக் குழாய்க்குள்ள தண்ணி நிக்குது. இப்போ மீட்டர் ஓடுதா?"

"இல்ல மாமா."

"திறந்தா?"

"ஓடும்."

"போனும் அதேதான்டா. மணி அடிக்கிற வரைக்கும் தண்ணி குழாய்க்குள்ள சும்மா நிக்குது. எதிர்ல இருக்கிறவன் எடுத்து 'அலோ'ன்னு சொன்னாத்தான் திறந்த மாதிரி. அப்போதான் மீட்டர் ஓட ஆரம்பிக்கும். அவன் எடுக்கவே இல்லன்னா?"

"மிஸ்டு கால்!" என்று மச்சான் கத்தினான்.

பிளம்பிங் என்பது பெரும்பாலும் இரண்டு பேர் வேலை. குழாயை அறுக்கிற இடத்தில் ஒருவர் நிற்க வேண்டும். தண்ணீரை அடைக்கிற வால்வு எங்கோ கீழே, தோட்டத்திலோ பம்ப் அறையிலோ இருக்கும், அங்கே இன்னொருவர். நடுவில் சுவர்களும் மாடிகளும். இந்த இரண்டு பேரும் நாள் முழுவதும் பேசிக்கொள்ள வேண்டியது இரண்டே சொல்தான்: மூடு, திற.

"ரெண்டு வார்த்தை பேசுறதுக்கு எதுக்குடா அளவில்லாப் பேச்சு பிளான்? லைன் உயிரோட இருந்தாப் போதும்னு ஒரு ஒல்லி பிளான் வச்சிருக்கான் பாரு, அதுக்கு மாறுவோம். ஒரு மணி அடிச்சா மூடு. ரெண்டு மணி அடிச்சா திற."

"மூணு அடிச்சா?"

"மூணு எதுக்கு?"

"டீ குடிக்கப் போகணும்ல மாமா."

"சரி, மூணுன்னா டீ. ஆனா ஒண்ணு. எவன் அடிச்சாலும் எடுக்காதே, எண்ணு. தப்பித் தவறி எடுத்து அலோன்னு சொன்னே, அந்தக் காசு உன் சம்பளத்துல."

எண்ண வசதியாக இருக்கட்டும் என்று இருவரும் போனில் இருந்த சினிமாப் பாட்டை எடுத்துவிட்டு, பழைய காலத்து 'ட்ரிங்' மணியை வைத்துக்கொண்டார்கள். வேலைக்கு வரும் அழைப்புகளை வாங்குவது இனி மனைவியின் பொறுப்பு. அவள் போன்தான் அவர்களுக்கு ஆபீஸ். அவளையும் ஒல்லி பிளானுக்கு மாறச் சொன்னார். "சரிங்க," என்றாள். அவள் அவ்வளவு சுலபமாகச் சரி சொன்னதும் அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

முதல் சில நாட்கள் எல்லாம் ஜோராக நடந்தன. அதற்குக் காரணம் உண்டு. வந்தவை எல்லாம் சின்ன வேலைகள். சமையலறைக் குழாய், குளியலறை ஷவர். வால்வு கூப்பிடு தூரத்தில்தான் இருக்கும். பிளம்பர் ஒரு மணி அடிப்பார், கூடவே வாய் தன் பழக்கத்தில் "மூடுடா!" என்று கத்தும். மச்சான் கேட்டது மணியையா கத்தலையா என்று இருவருமே யோசிக்கவில்லை. "பாத்தியா, எப்படி வேலை செய்யுது!" என்று பிளம்பர் பெருமைப்பட்டுக்கொண்டார்.

அந்த வேளையில்தான் பெரிய அழைப்பு வந்தது. ஏழு மாடி அலுவலகக் கட்டிடம். மொத்தக் கட்டிடத்தின் குழாய்களையும் வருடம் முழுக்கப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தேவை. முதலில் ஒரு வால்வை மாற்றிக் காட்ட வேண்டும். அது நன்றாக முடிந்தால் ஒப்பந்தம். பிளம்பர் இத்தனை வருடமும் இப்படி ஒன்றுக்காகத்தான் காத்திருந்தார். காலையில் எழுந்து, இன்றைக்கு யார் வீட்டில் என்ன உடையுமோ என்று போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பிழைப்பு அதோடு முடியும். பிறத்தியார் கஷ்டத்துக்காகக் காத்திருப்பது அவருக்கு என்றைக்குமே பிடித்ததில்லை.

ஒரே ஒரு சிக்கல். நான்காவது மாடி முழுக்க அந்த போன் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை மையம். வால்வு ஒழுகுவதும் அங்கேதான்.

"நான் போக மாட்டேன்," என்றார்.

மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "குளத்தோட கோவிச்சுக்கிட்டு ஒருத்தன் கழுவாமலே போனானாம். குளத்துக்கு என்ன நஷ்டம்? நாறினது யாரு?"

போனார்கள்.

கட்டிட மேனேஜர் இடுப்பில் பெரிய சாவிக்கொத்தோடு வந்தார். அவர் வருவதற்கு முன்பே சத்தம் வந்துவிடும். கட்டிடத்தில் எல்லாரும் அவரைச் சாவிக்கொத்து என்றே சொன்னார்கள். அடித்தளத்துக்குக் கூட்டிப்போய் பம்பைக் காட்டினார். இந்தக் கட்டிடத்தில் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து தண்ணீர் இறங்குவதில்லை. கீழே இருக்கும் பம்ப் தண்ணீரை அழுத்தி மேலே ஏற்றுகிறது. பம்புக்குப் பக்கத்தில் ஒவ்வொரு மாடிக்கும் ஒரு வால்வு, சிவப்புச் சக்கரத்தோடு, வரிசையாக. நான்காவது சக்கரத்தின் அருகே மச்சானை நிறுத்தினார் பிளம்பர். போனில் சிக்னல் ஒரே ஒரு கோடு. மணி அடிக்க அது போதும்.

"ஞாபகம் இருக்குல்ல?"

"எடுக்காதே, எண்ணு," என்றான் மச்சான், ராணுவ வீரன் மாதிரி.

நான்காவது மாடியில் கழிவறைக்கு வெளியே ஒரு பெரிய கூடம். வரிசை வரிசையாக மேஜைகள். காதில் ஹெட்செட் மாட்டிய பெண்களும் பையன்களும் ஒரே நேரத்தில் மெல்லிய குரலில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "புரியுது சார்... உங்க கோபம் நியாயம்தான் மேடம்... இல்ல சார், நான் ஏத்தல சார்..." பிளம்பர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கழிவறைக்குள் நுழைந்தார்.

ஒரு மணி அடித்துக் கட் செய்தார். கொஞ்ச நேரத்தில் குழாயில் தண்ணீர் நின்றது. பழைய வால்வை அறுத்து எடுத்தார். வாய் பிளந்து நின்ற குழாயிலிருந்து இன்னும் மெல்லியதாக ஒரு ஒழுக்கு வந்துகொண்டிருந்தது. கீழே சக்கரம் முழுதாக இறுகவில்லை என்று அர்த்தம். இன்னும் அரைச் சுற்று மூடினால் நின்றுவிடும். மறுபடி போனை எடுத்தார். காதில் ஒரு மணி கேட்டதும் கட் செய்தார்.

ஒழுக்கு நிற்கவில்லை. குழாய்க்குள் எங்கோ ஆழத்தில் 'குர்ர்ர்' என்று ஒரு உறுமல். முப்பது வருட அனுபவம் உள்ளவருக்கு அது என்ன என்று தெரியும். தெரிந்து என்ன பயன்? அதற்குள் தண்ணீர் அவர் முகத்தில் அறைந்துவிட்டது.

இரண்டு உள்ளங்கையையும் குழாய் வாயில் வைத்து அழுத்தினார். தண்ணீர் விரல் இடுக்குகளில் விசிறி மாதிரி பீச்சியது. கழிவறைத் தரை நிரம்பி, வாசல் தாண்டி, கூடத்துக் கம்பளத்தில் கருப்பாகப் பரவியது. ஒரு பெண் ஹெட்செட்டைக் கழுத்தில் தொங்கவிட்டபடி ஓடி வந்தாள்.

"அண்ணா! என்னாச்சு?"

"அம்மா, கையை எடுக்க முடியாது. அந்தப் பக்கெட் மேல என் போன் இருக்கு. மச்சான்னு போட்டிருக்கும். அடிச்சு மூடச் சொல்லு!"

அவள் அடித்தாள். மணி போனது. போய்க்கொண்டே இருந்தது.

"எடுக்கல அண்ணா."

"எடுக்க மாட்டான். நான்தான் எடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்."

அவள் அவரை ஒரு நொடி பார்த்தாள். அவளுடைய வேலையில் விதவிதமான மனிதர்களைக் கேட்டுப் பழகியவள். கேள்வி எதுவும் கேட்காமல், ஓடிப்போய் மேஜையிலிருந்த கம்பெனி போனில் அடித்துவிட்டு வந்தாள்.

"கட் பண்றாரு அண்ணா!"

அதே நேரத்தில் தண்ணீரின் வேகம் திடீரென்று இரட்டிப்பானது. கை வலித்தது. ஒப்பந்தம் கண்ணெதிரே கம்பளத்தில் மிதந்து போவது தெரிந்தது. சாவிக்கொத்தின் சத்தம் படியில் ஏறி வந்துகொண்டிருந்தது.

"ஆபீஸ்னு ஒரு நம்பர் இருக்கும், அதுக்கு அடிம்மா. என் வீட்டுக்காரி."

அவள் அடித்தாள். அங்கும் எடுக்கவில்லை, அவர் போன் அடித்தால் எடுக்கக் கூடாது என்ற சட்டம் வீட்டுக்கும் பொருந்துமே. ஆனால் மணி நின்ற மறு நிமிடமே போன் மறுபடி அடித்தது. மனைவி திருப்பிக் கூப்பிட்டாள். ஹெட்செட் பெண் போனை அவர் காதருகே பிடித்தாள்.

"ஏங்க, இத்தனை மணி அடிக்கிற ஆள் இல்லையே நீங்க. நல்லாத்தானே இருக்கீங்க?"

"தண்ணில நிக்கிறேன். உன் தம்பியக் கூப்பிட்டு நாலாவது சக்கரத்த மூடச் சொல்லு!"

"அவன்தான் எடுக்க மாட்டானே. நீங்க போட்ட சட்டம்."

"நீ அடிச்சா எடுப்பான். எடுக்காம இருக்க அவனுக்கு ஏது தைரியம்?"

சரிதான். கொஞ்ச நேரத்தில் பீச்சல் தளர்ந்து, ஒழுக்காகி, சொட்டாகி, நின்றது. பிளம்பர் ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்தார். மூச்சு வாங்கும்போதுதான் ஒன்று உறைத்தது: மனைவி கூப்பிட்டுப் பேசினாளே, எந்த பிளானில் பேசினாள்? கேட்கலாமா என்று யோசித்தார். கேட்காமல் இருப்பதே மரியாதை என்று முடிவு செய்தார்.

கூடத்தில் ஒரே கலகலப்பு. ஈரத்துக்குப் பயந்து கம்ப்யூட்டர்களை எல்லாம் அணைத்துவிட்டார்கள். ஹெட்செட் பையன்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மேஜைமேல் உட்கார்ந்து காலாட்டினார்கள். "அண்ணா, தினமும் இந்த நேரத்துக்கு வந்து உடைச்சுவிடுங்க," என்றான் ஒருவன். "ஏத்தினதிலேருந்து மூச்சுவிடாம திட்டு வாங்குறோம். இன்னைக்குத்தான் கொஞ்சம் காத்து வாங்குறோம்."

ஹெட்செட் பெண் ஒரு துண்டை நீட்டினாள். "நீங்க எங்க கஸ்டமரா அண்ணா? ஏதாவது புகார் இருக்கா?"

"இருந்துச்சு. இப்போ நீங்கதான் என் மேல குடுக்கணும்."

அதற்குள் மச்சான் மூச்சிரைக்கப் படியேறி வந்து சேர்ந்தான். கம்பளத்தைப் பார்த்தான். மாமாவைப் பார்த்தான். "என்ன மாமா, குளிச்சிட்டீங்களா?"

"உன்னை மூடச் சொன்னா எதுக்குடா திறந்தே?"

"நீங்க ரெண்டு அடிச்சீங்க."

"ஒண்ணுதான்டா அடிச்சேன். என் காதால கேட்டேன்."

"ஒண்ணு முழுசா அடிச்சு, ரெண்டாவது 'ட்ரி'ன்னு ஆரம்பிச்சுது மாமா. பாதி மணிய எப்படிக் கழிக்கிறது? ரெண்டுன்னு எடுத்துக்கிட்டேன். அப்புறம் அடிச்சுது, அடிச்சுது, அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. மூணத் தாண்டிருச்சு. சரி, வேலை முடிஞ்ச சந்தோஷத்துல டீயோட பிஸ்கட்டும் சாப்பிடச் சொல்றாருன்னு, சக்கரத்த முழுசாத் திறந்துவிட்டுட்டுக் கிளம்பினேன்."

"கம்பெனியிலேருந்து கூப்பிட்டது?"

"புது பிளான் விக்கக் கூப்பிடுறான்னு கட் பண்ணேன். நீங்கதானே மாமா சொன்னீங்க, அவன் போனை எடுத்தா பாவம்னு."

பிளம்பர் குழம்பிப்போனார். அவர் பொய் சொல்லவில்லை, மச்சானும் சொல்லவில்லை. பிறகு நடுவில் முளைத்த அந்தப் பாதி மணி யாருடையது? ஹெட்செட் பெண் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் கண்கள் மின்னின. தனக்குத் தெரிந்ததை யாரும் கேட்பதில்லையே என்று நாள் முழுக்க ஏங்குகிறவளின் மின்னல் அது.

"அண்ணா, உங்க காதுல கேட்ட மணி அவர் போன்ல அடிச்ச மணி இல்ல."

"பின்ன?"

"அது எங்க நெட்வொர்க் உங்களுக்காகத் தனியா போடுற சத்தம். 'கொஞ்சம் பொறுங்க, கூப்பிட்டுட்டு இருக்கோம்'னு சொல்றதுக்கு. அவர் போன் தன் பாட்டுக்குத் தனியா அடிச்சுக்கும். ரெண்டும் ஒரே நேரத்துல ஆரம்பிக்கணும்னு கட்டாயம் இல்ல, ஒரே தாளத்துல அடிக்கணும்னும் இல்ல. நீங்க கட் பண்ற செய்தி அங்க போய்ச் சேரவும் கொஞ்சம் நேரமாகும். அதுக்குள்ள அங்க இன்னொரு தடவை அடிச்சிருக்கும்."

பிளம்பர் ஈரத் தரையை மறந்துவிட்டார். "அட! குளியலறையில சுடுதண்ணிக் குழாயத் திறந்தா, ஹீட்டர்லேருந்து சுடுதண்ணி வந்து சேர நேரமாகுதே. அந்த மாதிரியா?"

"அதே மாதிரிதான்! குழாய் நீளமா இருந்தா லேட்டாகும்ல?"

"ஆகும், ஆகும். அப்போ எதிர்ல போன் சுவிட்ச் ஆஃப்னு ஒரு குரல் வருதே, அது யார் பேசுறது? அந்த போன்தான் செத்துக் கிடக்கே?"

"அதுவும் நாங்கதான் அண்ணா! போன் எந்த டவர் பக்கத்துல இருக்குன்னு அப்பப்போ சொல்லிக்கிட்டே இருக்கும், அணைச்சா..."

"க்கும்," என்றது வாசலில் ஒரு குரல். சாவிக்கொத்து.

எல்லாரும் எழுந்து நின்றார்கள். மேனேஜர் கம்பளத்தைப் பார்த்தார், பிளந்து நின்ற குழாயைப் பார்த்தார், தலை முதல் கால் வரை சொட்டிக்கொண்டிருந்த பிளம்பரைப் பார்த்தார். பிளம்பர் ஓர் அடி முன்னே வந்தார். "தப்பு எங்களுதுதான் சார். கம்பளத்தக் கழட்டிக் காயவச்சு, திரும்ப மாட்டித் தர்றோம். வால்வையும் இப்பவே மாத்திடுறேன். மத்தது உங்க இஷ்டம்."

"மாத்துங்க, பாக்கறேன்," என்றார் மேனேஜர், ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு.

மாற்றினார். மச்சான் கீழே போனான். இந்த முறை ஹெட்செட் பெண் தன் போனிலேயே அவனைக் கூப்பிட்டு, வாய்விட்டு, "திறங்க அண்ணா, மெதுவா," என்றாள். தண்ணீர் வந்தது. புது வால்வின் அடியில் மேனேஜர் காகிதக் கைத்துண்டு ஒன்றை வைத்து அழுத்திப் பார்த்தார். அதில் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

"இதுக்கு முன்னாடி இங்க ஒருத்தன் வந்தான்," என்றார். "இதே மாதிரி தண்ணி பீச்சுச்சு. பையப் போட்டுட்டு ஓடினவன் இன்னும் திரும்பல. பை என் ரூம்லதான் இருக்கு. நீங்க கையை எடுக்கல. அதனால சொல்றேன். வருஷ ஒப்பந்தம் இப்போ கிடையாது. மழைக்காலம் முடியற வரைக்கும் பாருங்க. அது வரைக்கும் என் கம்பளம் நனையலன்னா வருஷத்துக்குப் பேசலாம். ஆனா ஒரு நிபந்தனை."

"சொல்லுங்க சார்."

"சக்கரத்துக்கிட்ட நிக்கிறவர் போனை எடுக்கணும். எடுத்து, மனுஷன் மாதிரி, வாயால பேசணும்."

பிளம்பர் கையிலிருந்த துண்டைப் பிழிந்தார். ஒரு பக்கம் இத்தனை வருடம் காத்திருந்த கட்டிடம். இன்னொரு பக்கம் அன்பார்ந்த வாடிக்கையாளரே. மச்சான் மெல்ல, "குளம் மாமா, குளம்," என்று முணுமுணுத்தான்.

"சரி சார்," என்றார் பிளம்பர். பிறகு ஹெட்செட் பெண்ணிடம் திரும்பி, "அம்மா, அந்தப் பெரிய பிளானுக்கே எங்க ரெண்டு பேரையும் திருப்பி ஏத்திவிடு," என்று, பல் பிடுங்கக் கொடுப்பவர் மாதிரி போனை நீட்டினார்.

அவள் அழுத்திக்கொண்டே சொன்னாள்: "எனக்கும் ஏத்திட்டாங்க அண்ணா. இங்க வேலை பாக்குறேன்னு ஒரு துளி குறைக்கல. நானும் எங்க சேவை நம்பருக்கு அடிச்சுப் பாத்தேன்."

"யாரு எடுத்தா?"

"புல்லாங்குழல்."

பிளம்பர் வாய்விட்டுச் சிரித்தார். அந்த மாதம் முழுக்க அவர் சேர்த்து வைத்திருந்த வசவுகள் எல்லாம் அந்தச் சிரிப்பில் கரைந்துபோயின. ஒன்றைத் தவிர. அதை அவள் முறைப்படி புகாராகப் பதிவு செய்துகொண்டாள், அவர் சொன்ன வார்த்தைகளிலேயே: 'லைனில் பெண்டு அதிகம். இரண்டாவது பெண்டுக்குப் பிறகு ஒரு மனிதரை வைக்கவும்.'

கம்பளம் காய்ந்து மாட்டியாகிவிட்டது. அடுத்து ஐந்தாவது மாடியில் வேலை. மச்சான் அடித்தளத்தில் நின்றான், பிளம்பர் மேலே. காலையில் மச்சானைக் கூப்பிட்டார், அவன் எடுத்தான், "மூடுடா" என்றார், மூடினான். வைக்கப்போனான்.

"வைக்காதே," என்றார் பிளம்பர்.

"ஏன் மாமா? பேசியாச்சே."

"அளவில்லாம பேசலாம்னு சொல்லித்தானே வாங்குறான்? அளவில்லாம பேசுவோம். சாயங்காலம் கிளம்புறப்போதான் கட் பண்ணணும். அவன் லைன் தேயட்டும்."

"பேச ஒண்ணும் இல்லையே மாமா."

"இல்லன்னா சும்மா இரு. சும்மா இருக்கிறதையும் அவன் சுமக்கட்டும்."

இப்படியாக அன்று முழுவதும் லைன் திறந்தே இருந்தது. ஒருவர் காதில் இன்னொருவர் ஸ்பேனர் விழுகிற சத்தம். பம்பின் முனகல். மச்சானின் விசில். மதியம் மனைவியும் நடுவில் சேர்ந்துகொண்டு, தம்பி சாப்பிட்டானா என்று விசாரித்துவிட்டு, அவளும் வைக்காமலே வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். படியில் இறங்கிய ஹெட்செட் பெண், பிளம்பரின் சட்டைப் பையிலிருந்து பாத்திரம் கழுவுகிற ஓசை வருவதைக் கேட்டு நின்றாள்.

"அண்ணா, யாரோட பேசிட்டு இருக்கீங்க?"

"யாரோடயும் இல்லம்மா. குடுத்த காசுக்கு அனுபவிச்சுட்டு இருக்கேன்."

சட்டைப் பைக்குள் யாரோ பலமாகத் தும்மினார்கள்.

"மாமா, தும்மினது நான்தான்."

"கேட்டுச்சு. மூக்கத் தொடச்சுட்டு அஞ்சாவது சக்கரத்தப் பிடி. கால் சுத்து திற. மெதுவா."